ஷவர் ஒழுகுகிறதா? டைல்ஸை உடைப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

குளியலறையை ஒட்டிய சுவரில் பெயிண்ட் உப்பி உரிகிறது, அல்லது கீழ்த்தளத்துக் கூரையிலிருந்து சொட்டுகிறது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், நின்ற இடத்திலிருந்தே தீர்ப்பு வந்துவிடும்: “டைல்ஸ் மொத்தத்தையும் பேத்துட்டு வாட்டர்புரூஃபிங் போட்டாத்தான் சரியாகும்.” சில வீடுகளில் அது உண்மைதான். ஆனால் ஷவர் தலைக்குப் பின்னால் இருக்கும் மரையில் டெஃப்ளான் டேப் சுற்றினாலே நின்றுவிடக்கூடிய ஒழுகலுக்கும் இதே தீர்ப்புதான் கிடைக்கிறது.

அதனால், தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று உறுதியாகும்வரை உளியைத் தொடாதீர்கள். சிலிக்கான் டியூபையும் தொடாதீர்கள். கண்ணில் படும் சந்துகளில் எல்லாம் சிலிக்கானை அப்பிவிட்டால் தடயம் மறைந்துபோகும், ஒழுகல் அப்படியே இருக்கும்.

இந்தச் சோதனைகளைச் செய்யப் பிளம்பர் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாளி, டார்ச், மாஸ்கிங் டேப், பென்சில், பழைய துணி, பாலித்தீன் பை, உணவில் கலக்கும் வண்ணம், கொஞ்சம் டிஷ்யூ பேப்பர் இருந்தால் போதும். பொறுமைதான் கூடுதலாக வேண்டும். ஒரு சோதனை முடிந்து ஒழுகிய இடம் காய்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொடங்க முடியும். இரண்டை ஒரே நாளில் அடுத்தடுத்துச் செய்தால் எந்தத் தண்ணீர் எதிலிருந்து வந்தது என்றே தெரியாது.

டைல்ஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை

புதிதாக இதில் இறங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பார்ப்பதற்கு டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது, மேலே விழும் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. ஆனால் டைல்களுக்கு நடுவே இருக்கும் சிமெண்ட் கிரவுட்டில் நுண்துளைகள் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் கிரவுட்கூட ஓரளவு தண்ணீரை உறிஞ்சும். அந்தத் தண்ணீர் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் போகாமல் தடுப்பது டைலுக்கு அடியில் இருக்கும் வாட்டர்புரூஃபிங் படலம். படலம் நன்றாக இருந்தால் கிரவுட்டில் விரிசல் விட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. படலம் பழுதாகியிருந்தால் கிரவுட்டை எத்தனை முறை பூசினாலும் ஒழுகல் குறையுமே தவிர நிற்காது.

படலம் பழுதாகும் இடங்களும் பெரும்பாலும் வழக்கமானவைதான்: தரையும் சுவரும் சேரும் மூலை, வடிகால் வாயைச் சுற்றி, வாசலில் இருக்கும் சிறு திட்டின் இரண்டு ஓரங்கள், சோப்பு வைக்கும் மாடம், சுவரைத் துளைத்துக் குழாய் வெளியே வரும் இடம். சமதளமாக விரிந்து கிடக்கும் சுவரின் நடுவில் பழுதாவது அபூர்வம். யாராவது அங்கே ஆணி அடித்திருந்தால் அது வேறு கதை. கண்ணாடி மாட்டவோ ஸ்டாண்டு மாட்டவோ துளை போட்டபோது உள்ளே போகும் குழாயில் துரப்பணம் பட்டு, திருகே அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு வெகுநாள் கழித்து ஒழுகத் தொடங்குவதும் உண்டு. சமீபத்தில் சுவரில் எதையாவது மாட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன்

ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில் விளக்கோ ஸ்விட்சோ இருந்தால் அந்த மின்சுற்றை மெயினில் நிறுத்திவிடுங்கள். கூரைப் பலகை தண்ணீர் கோத்துத் தொங்கினால் அதற்கு நேர் கீழே நிற்க வேண்டாம். பூசணத்தைப் போக்கப் பிளீச் தெளிப்பவர்கள், அதே இடத்தில் டாய்லெட் ஆசிட் எதையும் கலந்துவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது ஆபத்து.

எப்போது ஒழுகுகிறது?

எங்கே ஒழுகுகிறது என்ற கேள்வியைவிட இது பயனுள்ளது. தண்ணீர் காங்கிரீட் தளத்தின் மேல், குழாயின் மேல், வயர் போகும் பைப்பின் வழியாக எங்கெங்கோ ஓடி, வழி கிடைத்த இடத்தில் சொட்டும். கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பி உடைத்து ஏமாந்தவர்கள் நிறைய. நேரம் அந்த அளவுக்கு ஏமாற்றாது.

ஷவரை யாரும் தொடாத நாளிலும் ஈரம் குறையாமல் இருக்கிறதா? எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் வரத்துக் குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஷவரைத் திறந்த சில நிமிடங்களிலேயே சொட்டுகிறதா? மிக்சரிலிருந்து (சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடும் குழாய்த் திருகு) ஷவர் தலைக்குப் போகும் குழாய், வடிகால் இணைப்பு, அல்லது கதவின் ஓரம். குளித்து முடித்து வெகுநேரம் கழித்து மெதுவாகக் கசிந்து, பிறகும் மணிக்கணக்கில் நிற்காமல் இருந்தால், அநேகமாகத் தரைப்படலம். டைலுக்கு அடியில் உள்ள கலவை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ஒருவர் குளித்தால் ஒழுகாது, வரிசையாக நான்கு பேர் குளித்தால் ஒழுகும் என்றாலும் பெரும்பாலும் இதுதான்.

ஒரு தாளை எடுத்து, யார் எப்போது குளித்தார்கள், எப்போது சொட்டியது என்று சில நாட்கள் குறித்து வையுங்கள். பிளம்பரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

சுவரில் தெரிவது கசிவே அல்ல, நீராவி படிந்த ஈரம்தான் என்ற வாய்ப்பும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஈரச் சுவரின் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, அலுமினியத் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் இந்தச் சோதனையே தேவைப்படாது. சிமெண்டுக்குள் புகுந்து வெளியேறிய தண்ணீர்தான் அந்த உப்பைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

முதல் சோதனை: வரத்துக் குழாய்

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் அளவைக் குறித்துக்கொண்டு ஓரிரு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து மறுபடி பாருங்கள். தண்ணீர் மாடித் தொட்டியிலிருந்து வருகிறது என்றால், தொட்டிக்கு நீர் ஏறுவதை நிறுத்திவிட்டு, இரவு நீர்மட்டத்தைக் குறித்துக் காலையில் பார்க்கலாம். இதற்கு முன் டாய்லெட் ஃபிளஷ் தொட்டி ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் கொஞ்சம் வண்ணம் கலந்து, ஃபிளஷ் செய்யாமலே கோப்பையில் வண்ணம் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மீட்டர் நகர்ந்திருந்தால், ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு மறுபடி செய்து பாருங்கள். இப்போது நின்றுவிட்டால் ஹீட்டரிலோ சுடுதண்ணீர்க் குழாயிலோ கசிவு. நிற்காவிட்டால் பச்சைத் தண்ணீர்க் குழாய். இரண்டில் எதுவானாலும் அது பிளம்பர் வேலை. கொத்தனாரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

மீட்டர் அசையவில்லை என்றால் அடுத்ததுக்குப் போகலாம்.

இரண்டாவது: மிக்சருக்கு மேலே போகும் குழாய்

இந்தத் துண்டுக் குழாயில் ஷவர் ஓடும்போது மட்டும்தான் தண்ணீர் இருக்கும். அதனால் மீட்டர் சோதனையில் இது தப்பித்துவிடும். ஷவர் தலையைக் கழற்றி, அந்த மரையில் பொருந்தும் எண்ட் கேப் (குழாய் வாயை அடைக்கும் மூடி) ஒன்றை டெஃப்ளான் டேப் சுற்றி இறுக்குங்கள். பெரும்பாலான ஷவர்களில் அது அரை அங்குல மரை. பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் முழுதாகத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். தரையில் ஒரு சொட்டு விழவில்லை, ஆனாலும் கீழே ஒழுகுகிறது என்றால் கசிவு சுவருக்குள் இருக்கும் அந்தக் குழாயிலோ முழங்கை இணைப்பிலோதான்.

ஒரு எச்சரிக்கை. ஷவருடன் நேரடியாக இணைந்த உடனடி மின்சார ஹீட்டர் உள்ள வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம். அப்படிப்பட்ட ஹீட்டர்களின் வெளிவாயை அடைக்கக் கூடாது.

மிக்சரைச் சுற்றியுள்ள மூடித் தட்டையும் இப்போதே கழற்றிப் பார்த்துவிடலாம். டார்ச் அடித்து, ஃபோன் கேமராவை உள்ளே காட்டி ஒரு படம் எடுங்கள். பாசியோ துருவோ ஈரமோ இருந்தால் படத்தில் தெரியும். ஷவரை மூடியதும் தலையிலிருந்து சில நொடிகள் சொட்டுவது கோளாறு இல்லை, உள்ளே தங்கிய தண்ணீர்தான். நாள் முழுக்கச் சொட்டினால் மட்டும், மிக்சருக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜையோ வாஷரையோ மாற்ற வேண்டும்.

மூன்றாவது: வடிகால்

ஜாலியைத் தூக்கி, முடியும் சோப்புக் கசடும் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் தேங்கி நிற்பதே சில ஒழுகல்களுக்குக் காரணம். பிறகு புனலோ ஒரு துண்டு ஓஸ் குழாயோ வைத்து, தரை நனையாமல் வடிகாலுக்குள்ளேயே இரண்டு மூன்று வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள். தண்ணீரில் வண்ணம் கலந்திருந்தால் நல்லது. தரை காய்ந்திருக்க, கீழே வண்ணத் தண்ணீர் வந்தால், நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தங்கி நிற்கும் டிராப்பிலோ அதற்குப் பிந்தைய குழாய் இணைப்பிலோ கோளாறு.

வராவிட்டாலும் வடிகாலைக் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. டைல் முடிந்து வடிகால் வாய் தொடங்கும் அந்த விளிம்பில்தான் பல ஒழுகல்கள் ஒளிந்திருக்கின்றன. அங்கே கிரவுட் உதிர்ந்து சந்து தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதை அடுத்த சோதனை பிடித்துவிடும்.

நான்காவது: தரையில் தண்ணீர் கட்டுதல்

சோதனைகளில் முக்கியமானது இதுதான், அவசரப்பட்டுக் கெடுப்பதும் இதைத்தான். துணியைப் பாலித்தீன் பைக்குள் போட்டு உருட்டி வடிகாலில் திணியுங்கள். டைல் மட்டத்தோடு நிற்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி அடைத்தால்தான் அந்த விளிம்பும் சோதனைக்குள் வரும். வாசலில் திட்டு இல்லாத ஷவர் என்றால் மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளை வரிசையாக வைத்து அணை கட்டிக்கொள்ளலாம். இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். திட்டைத் தாண்டி வழியக் கூடாது. வேறு வண்ணம் கலந்துகொள்ளுங்கள், ஆனால் கொஞ்சமாக. வெளிர்நிறக் கிரவுட்டில் வண்ணம் பிடித்துக்கொண்டால் போகாது.

எடையையும் யோசியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. காங்கிரீட் தளத்துக்கு அது ஒன்றுமில்லை. மரத் தளம், அதுவும் மிதித்தால் அமுங்குகிற தளம் என்றால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

இப்போது சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டி நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். உடனே குறிக்காதீர்கள். காய்ந்திருந்த கிரவுட்டும் அடியில் உள்ள கலவையும் முதல் ஓரிரு மணி நேரம் தண்ணீரைக் குடிக்கும், மட்டம் கொஞ்சம் இறங்கும். அதன் பிறகு கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். ஆவியாகும் அளவு அதில் தெரியும். 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். நடுநடுவே கீழே போய் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

பாத்திரத்தில் இறங்கியதைவிடத் தரையில் அதிகம் இறங்கி, கீழே ஈரமும் தெரிந்தால் தரைப்படலமோ வடிகால் விளிம்போ பழுது. இரண்டில் எது என்று பிரிக்க, விளிம்பைச் சுற்றி வளையம் மாதிரி சின்னதாக அணை கட்டி, வளையத்துக்கு வெளியே மட்டும் தண்ணீர் நிறுத்தி மறுபடி பார்க்கலாம். தரையில் இறங்கியிருக்கிறது, கீழே ஈரமே இல்லை என்றால், அநேகமாக அடைப்புத் துணி வழியாகப் போயிருக்கும். இன்னொரு முறை இறுக்கமாக அடைத்துச் செய்யுங்கள்.

ஐந்தாவது: சுவரும் கதவும்

தரை தேறிவிட்டால் கை ஷவரை எடுத்துச் சுவருக்கு வாருங்கள். ஒரு சுவர், ஒரு பகுதி, பத்துப் பதினைந்து நிமிடம். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் தரையை ஒட்டிய மூலை, அப்புறம் நடுச்சுவர், மிக்சர் தட்டு, மாடம், கடைசியாக ஷவர் குழாய் வெளியே வரும் துளை. மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும். சோதிக்காத பகுதியைப் பாலித்தீன் விரித்து டேப்பால் மூடினால் இன்னும் தெளிவாக இருக்கும். மாடத்தின் அடித்தளம் உள்பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் தேங்கினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கதவு இருந்தால் வெளிப்பக்க ஓரம் நெடுக டிஷ்யூ பேப்பரைப் போட்டு, உள்ளேயிருந்து கதவின் அடியிலும் கீல் பக்கமும் தண்ணீரை அடியுங்கள். டிஷ்யூ எங்கே நனைகிறது என்று பாருங்கள்.

எல்லாச் சோதனையிலும் தேறிய ஷவர், ஆள் குளித்தால் மட்டும் ஒழுகுவதுண்டு. மாயம் ஒன்றும் இல்லை. தண்ணீர் உடம்பில் பட்டுத் தெறித்து, வெறும் ஷவர் ஓடும்போது போகாத இடங்களுக்கெல்லாம் போகிறது. கதவுச் சந்து, அதைத் தாண்டி வாட்டர்புரூஃபிங் இல்லாத வெளித்தரை. அப்படி இருந்தால் ஒரு வாரம் கதவின் உள்பக்கம் முழுநீளப் பிளாஸ்டிக் திரையைத் தொங்கவிட்டுக் குளித்துப் பாருங்கள். ஒழுகல் நின்றால் கதவின் ரப்பர் பட்டையை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

எதிலும் பிடிபடவில்லையா? டாய்லெட் கோப்பையின் அடி, வாஷ்பேசின் வடிகுழாய், மேல்மாடி என்று ஷவருக்கு வெளியே தேட வேண்டும்.

நீங்களே சரிசெய்யக்கூடியவை

ஷவர் தலை மரையில் டெஃப்ளான் டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது பிரிந்துவரும். கார்ட்ரிட்ஜ் மாற்றப் போகிறீர்கள் என்றால் வரத்தை மூடிவிட்டுக் கழற்றி, பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். கண் அளவில் வாங்கினால் பொருந்தாது. மிக்சர் தட்டைச் சுற்றிச் சிலிக்கான் இடும்போது மேல்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் இட்டு, அடியில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். உள்ளே ஏதாவது கசிந்தால் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குத் தெரியட்டும்.

மூலைகளில், அதாவது சுவரும் சுவரும் சேரும் இடத்திலும் சுவரும் தரையும் சேரும் இடத்திலும், கிரவுட் இருக்கக் கூடாது. இரண்டு பரப்பும் வெப்பத்துக்கும் அசைவுக்கும் ஏற்பத் தனித்தனியே நகரும். விறைப்பான கிரவுட் விரிசல் விடாமல் தாங்காது. அங்கே சிலிக்கான்தான் வேண்டும், அதிலும் பூசணம் பிடிக்காத சானிட்டரி வகை. பழைய சிலிக்கானின் மேல் புதியது ஒட்டாது என்பதால் பழையதைத் துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டி எடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே ஓட்டமாக இட்டு, ஈர விரலால் ஒருமுறை இழுத்துவிட்டு உடனே டேப்பை உரித்துவிட வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

கிரவுட் உதிர்ந்த இடங்களில் மேலே தடவுவது வீண். குறைந்தது 2 மில்லிமீட்டர், முடிந்தால் டைலின் தடிமனில் பாதிக்கு மேல், பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதியதை நிரப்ப வேண்டும். மெஷின் வைத்து எடுத்தால் முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. வசதி இருந்தால் எபாக்சி கிரவுட் போடுங்கள், அது தண்ணீரை மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். விரைந்து இறுகிவிடும் என்பதால் முதல்முறை செய்பவர் சிறிது சிறிதாகக் கலப்பது நல்லது. டைல்ஸைப் பளிச்சென்று ஆக்க ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஆசிட் சிமெண்ட் கிரவுட்டை அரித்துத் தின்னும். பாதிக் கிரவுட் கோளாறுகளுக்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

டைலின் மேல் பூசும் ‘உடைக்காமல் ஒழுகலை நிறுத்தும்’ திரவங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. கிரவுட் உறிஞ்சுவதைக் குறைக்கும், காலம் கடத்த உதவும். கிழிந்த படலத்தை ஒட்டாது.

எதைச் சரிசெய்தாலும், முன்பே ஊறியிருக்கும் தண்ணீர் வடிந்து தீர நாளாகும். மறுநாளே கீழே ஈரம் இருக்கிறது என்று வேலையைக் குறை சொல்லாதீர்கள். பெயிண்ட் அடிப்பதற்கும் அவசரம் வேண்டாம். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, கறை மேலே வராமல் தடுக்கும் பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயிண்ட்.

உடைத்தே ஆக வேண்டும் என்றால்

தரைப்படலம் போய்விட்டது என்று சோதனை சொன்னால் வேறு வழியில்லை. அப்போது தரையை மட்டும் பேர்ப்பது அரைவேலை. புதிய தரைப்படலம் சுவரில் உள்ள பழைய படலத்தோடு மேற்பொருந்த வேண்டும். அதற்குச் சுவரின் அடிவரிசை டைல்களையாவது எடுக்க வேண்டியிருக்கும். சுவரில் படலமே இல்லை என்று தெரிந்தால் தண்ணீர் படும் உயரம் முழுக்க, சுமார் 1.8 மீட்டர் வரை, போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில. வடிகாலை நோக்கி மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். டைலுக்கு மட்டும் வாட்டம் கொடுத்தால் போதாது, படலத்துக்கு அடியில் உள்ள தளத்துக்கே அந்த வாட்டம் வேண்டும். மூலைகளில் வலைப்பட்டை வைத்துப் பூச வேண்டும். படலம் இரண்டு கோட், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக. இரண்டும் வேறு நிறமாக இருந்தால் விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். படலம் வடிகால் வாய்க்குள் இறங்கி முடிய வேண்டும், அதற்கு முன்பே நின்றுவிடக் கூடாது. உற்பத்தியாளர் சொன்ன காயும் நேரம் முடிந்ததும், டைல் ஒட்டுவதற்கு முன், நான்காவது சோதனையை அப்படியே இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். “ஒரு நாள் வீணாகும்” என்பார்கள். விடாதீர்கள், அந்த ஒரு நாளுக்கும் சேர்த்து முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு நாளில் நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவு நாடாவை நீட்டி வைத்து, குழாய்கள் போகும் சுவர் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு கண்ணாடி மாட்டத் துளை போட வருபவரிடம் முதலில் அந்தப் படத்தைக் காட்டலாம்.